சின்னஞ்சிறு கைகளும் கூட்டெழுத்தும்

"கான்வென்ட் கையெழுத்து" என்று நம் ஊரில் ஒரு சொல் வழங்குகிறது. எழுத்துக்கள் ஒன்றோடொன்று கை கோத்து, ஒரே பக்கமாகச் சாய்ந்து, வரி பிசகாமல் நடந்து போகும் ஆங்கிலக் கூட்டெழுத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்தக் கையெழுத்துக்காகவே பிள்ளையைக் கான்வென்டில் சேர்த்தோம் என்று சொல்லும் பெற்றோரும் உண்டு. அந்த அழகுக்கு அடித்தளம் இடப்படுவது இரண்டாம் வகுப்புச் சிறுமியின் நான்கு கோடு நோட்டிலேயாகும். அந்த நோட்டில் நாம் எதை முதலில் கற்பிக்கிறோம், எதைப் பின்னால் தள்ளி வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே பிறகு வருவதெல்லாம் அமைகிறது.

இவ்வாண்டு பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், வாரத்தில் மூன்று நாள் மதிய உணவுக்குப் பின் அரை மணி நேரம், இரண்டாம் வகுப்புத் தங்கையருக்குக் கூட்டெழுத்துப் பயிற்சியில் துணை செய்து வருகிறோம். அங்கே கண்டறிந்தவற்றையும், நூல்களில் படித்தறிந்தவற்றையும் தோழியருக்கும் பெற்றோருக்கும் பயன்படும் வகையில் இங்கே தொகுத்துத் தருகிறோம்.

ஆங்கில எழுத்துக்களின் பெயரைத் தமிழில் எழுதும்போது சில பெயர்கள் ஒன்றுபோலவே அமைந்துவிடுகின்றன. ஆகவே அவற்றை மட்டும் "பேக்கின் பி", "பென்னின் பி", "டாக்கின் டி", "டேபிளின் டி" என்று பிரித்துச் சொல்கிறோம். வகுப்பிலும் அப்படியே சொல்கிறோம். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

பார்த்து வரைவது எழுத்தாகுமா?

ஒரு நாள் கரும்பலகையில் மாதிரிக்காக "மை நேம் இஸ் மேரி" என்ற வரி கூட்டெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. அதைப் போல் அவரவர் பெயரை எழுத வேண்டும் என்பது பயிற்சி. பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதினார்கள். நோட்டுக்களை வாங்கிப் பார்த்தபோது பலருடைய நோட்டில் "மேரி" என்றே இருந்தது. அந்த வகுப்பில் மேரி என்ற பெயருடைய பிள்ளை ஒருத்திகூட இல்லை.

அவர்களுள் மிக அழகாக எழுதியிருந்த ஒரு சிறுமியை அழைத்து, "கண்ணு, நீ எழுதினதை அக்காவுக்குப் படிச்சுக் காட்டு" என்றோம். அவள் சிரித்தாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அக்கா, எழுதத்தானே சொன்னீங்க, படிக்கச் சொல்லலையே?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில்தான் எங்கள் கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது. அச்சடித்த புத்தகத்தில் அதே சொற்களை அவள் தடையின்றிப் படிக்கிறாள். கூட்டெழுத்தில் வந்தால் மட்டும் அவளுக்கு அது எழுத்தாகத் தெரியவில்லை; வளைவும் சுழியும் நிறைந்த ஒரு படமாகத் தெரிகிறது. படத்தைப் பார்த்து வரைவது போல அவள் வரைந்திருக்கிறாள். நோட்டுக்கு "குட்" கிடைத்துவிடுகிறது. ஆகவே குறை வெளியே தெரிவதில்லை. நான்காம் வகுப்பில் ஆசிரியை கரும்பலகையில் வேகமாக எழுதிப் போடும்போதும், டைரியில் எழுதி அனுப்பும் செய்தியை வீட்டில் படிக்கச் சொல்லும்போதும்தான் அது வெளிப்படுகிறது. எழுதப் படிக்காத தாய்மார் இருக்கும் வீடுகளில் அந்தச் செய்தியைப் படித்துச் சொல்ல வேண்டியவள் அந்தக் குழந்தையேயல்லவா?

ஆகவே எங்கள் கருத்து இதுதான். கூட்டெழுத்து முதலில் கண்ணுக்குப் பழக வேண்டும். அடுத்து விரலுக்குப் பழக வேண்டும். கடைசியாகவே பென்சிலுக்கு வர வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் அழகான நோட்டு கிடைக்கும். எழுதத் தெரிந்த பிள்ளை கிடைக்க மாட்டாள்.

எழுத்துக்கள் ஏன் கை கோத்தன?

கூட்டெழுத்து அழகுக்காகப் பிறந்தது என்று பலரும் எண்ணுகிறார்கள். அது வேகத்துக்காகப் பிறந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவைத் தூக்கித் தூக்கி வைப்பதைவிட, ஒரே ஓட்டமாக எழுதுவது கைக்கு எளிது. பதினைந்தாம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் நூல்களைப் பிரதி எடுத்த நிக்கோலோ நிக்கோலி போன்ற அறிஞர்கள் இப்படிச் சாய்ந்து ஓடும் எழுத்தைப் பழக்கத்தில் கொண்டு வந்தனர். திருத்தந்தையின் அலுவலகத்தில் ஆவணங்கள் எழுதுவோர் அதை மேலும் சீராக்கினர். அவர்களுள் ஒருவரான லுடோவிக்கோ அர்ரிகி என்பவர், அவ்வெழுத்தைப் பொதுமக்களும் கற்றுக்கொள்ளும்படி 1522 என்ற ஆண்டு பொறித்த ஒரு சிறு பயிற்சி நூலையும் வெளியிட்டார்.

நம் பள்ளிக்குப் பொருத்தமான இன்னொரு செய்தியும் உண்டு. கையெழுத்தின் சாயலில் அமைந்த சாய்ந்த அச்செழுத்தை வெனிஸ் நகர அச்சகத்தாரான ஆல்டஸ் மனூஷியஸ் உருவாக்கச் செய்தார். அந்த அச்செழுத்து முதன்முதலாகக் காணப்படுவது 1500-ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட புனித சியன்னா கத்தரீனம்மாளின் கடிதத் தொகுப்பில், அப்புனிதையின் படத்திலேயாகும். படத்தில் அவர் கையில் ஏந்திய புத்தகத்தில் இயேசுவின் இனிமையையும் அன்பையும் போற்றும் சில சொற்கள் அவ்வெழுத்தில் உள்ளன. அந்தப் புனிதை தம் கடிதங்களுள் பெரும்பாலானவற்றைத் தாம் வாயால் சொல்ல, பிறரைக் கொண்டே எழுதுவித்தார். அவருடைய உள்ளத்தில் பொருள் நிறைந்திருந்தது. எழுத்து அதைத் தாங்கிச் சென்றது. நம் நோட்டில் சில வேளைகளில் எழுத்து மட்டும் நிறைந்திருக்கிறது, பொருள் இருப்பதில்லை.

முதற்படி: கண்

பிள்ளைகள் முதல் வகுப்பில் அச்செழுத்தைக் கற்றுவிடுகிறார்கள். எனவே கூட்டெழுத்தைப் புதிதாக அறிமுகப்படுத்தும்போது, "இது வேறு எழுத்து அன்று, உனக்குத் தெரிந்த எழுத்தே வேறு பாவாடை கட்டிக்கொண்டு வந்திருக்கிறது" என்று சொல்லித் தொடங்குகிறோம். பிறகு அட்டை விளையாட்டு. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டி, ஓர் அட்டையில் அச்செழுத்தும் இன்னோர் அட்டையில் அதே கூட்டெழுத்தும் எழுதிக்கொள்கிறோம். அச்செழுத்து அக்கா, கூட்டெழுத்து தங்கை. அக்காவையும் தங்கையையும் சேர்த்து வைப்பதே விளையாட்டு.

இதில் எல்லா எழுத்துக்களும் ஒரே அளவு கடினமானவை அல்ல. "ஏ", "சி", "ஓ", "டாக்கின் டி" ஆகியவற்றைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்கள்; அக்காவும் தங்கையும் ஒரே ஜாடை. "எஸ்", "ஆர்", "எஃப்", "இசட்", "பேக்கின் பி" ஆகிய ஐந்தில்தான் தயங்குகிறார்கள். ஏனெனில் இவற்றில் தங்கைக்கு அக்காவின் ஜாடையே இல்லை. பெரிய எழுத்துக்களில் "க்யூ" பல மாதிரி நோட்டுக்களில் இரண்டு என்ற எண்ணைப் போல இருக்கும். "ஜி"யும் "எஸ்"ஸும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இவற்றைத் தனியாக எடுத்து வைத்து, ஒரு நாளைக்கு ஒன்று என்று பழக்க வேண்டும்.

அடுத்தது குழப்பமூட்டும் இரட்டைகள். "ஈ"யும் "எல்"லும் ஒரே சுழிதான். ஒன்று குட்டை, மற்றொன்று நெட்டை. "ஏ"யின் வாய் சரியாக மூடாவிட்டால் "யூ" ஆகிவிடும். "சி"யும் "எல்"லும் நெருங்கி நின்றால் "டாக்கின் டி" போலத் தோன்றும். இவற்றை அருகருகே எழுதி, "எது எது? எப்படித் தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கிறோம். பிள்ளை காரணம் சொல்லும்போதே அவள் கண் கூர்மையாகிவிடுகிறது.

ஒரு சிறு வேறுபாடு படிப்பவருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நாம் நம் தமிழிலேயே காணலாம். ஓலைச்சுவடிக் காலத்தில் எகரக் குறிலும் நெடிலும், ஒகரக் குறிலும் நெடிலும் பார்வைக்கு வேறுபாடின்றி எழுதப்பட்டு வந்தன. படிப்பவர் இடம் நோக்கிப் பொருள் உணர வேண்டியிருந்தது. இத்தாலியிலிருந்து வந்து தமிழ்த் தொண்டு புரிந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் (1680–1747) அவற்றைப் பிரித்துக் காட்டும் வடிவங்களை வழக்கில் கொண்டு வந்தார். எழுதுபவருக்கு அது ஒரு சிறு கூடுதல் வேலை. படிப்பவருக்கோ பெரிய வெளிச்சம். எழுத்து என்பது படிப்பவருக்காகவே என்னும் பாடத்தை இதிலிருந்து பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லலாம்.

இரண்டாம் படி: விரல்

கண் அறிந்த எழுத்தை உடனே பென்சிலுக்குத் தரக் கூடாது. நம் பாட்டிமார் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுதுவித்தார்கள். திண்ணைப் பள்ளிகளில் மணலே நோட்டாக இருந்தது. இதை எளிய வழக்கம் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் உலகம் நம்மிடமிருந்து கற்றுக்கொண்ட பாடங்களுள் இதுவும் ஒன்று.

1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் படைவீரரின் பிள்ளைகளுக்கான ஆண்கள் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து நாட்டு மதகுரு. அவர் ஒரு நாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளியில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் விடுதியிலும் மணல் பரப்பிய பலகையில் ஆங்கில எழுத்துக்களைக் கற்பிக்க விரும்பினார். உதவி ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடமே அந்த வேலையை ஒப்படைத்தார். அவன் தன்னிலும் சிறியவர்களுக்கு நன்றாகவே கற்பித்தான். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் இந்த முறையைப் பற்றி பெல் 1797-இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். "சென்னை முறை" என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. இன்று நாங்கள் இரண்டாம் வகுப்பில் போய் உட்காரும்போது அந்த எழும்பூர்ச் சிறுவனை நினைத்துக்கொள்கிறோம்.

விரலின் அறிவை அறிவியல் முறையில் எடுத்துக் காட்டியவர் மரியா மாண்டிசோரி அம்மையார். மருத்துவம் பயின்ற அவர் 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழை மக்கள் பகுதியில் "குழந்தைகள் இல்லம்" ஒன்றைத் தொடங்கினார். உப்புத்தாளில் கூட்டெழுத்துக்களை வெட்டி அட்டையில் ஒட்டி, எழுதும் திசையிலேயே குழந்தைகளை இரண்டு விரல்களால் தடவச் செய்தார். தடவும்போதே அந்த எழுத்தின் ஒலியையும் சொல்ல வேண்டும். கண்ணும் காதும் விரலும் ஒரே நேரத்தில் கற்றன.

அவர் எழுதி வைத்துள்ள ஒரு நிகழ்ச்சி எங்களை மிகவும் கவர்ந்தது. ஒரு டிசம்பர் நாளில் மொட்டை மாடியில் குழந்தைகளோடு இருந்தபோது, ஐந்து வயதுச் சிறுவனிடம் சாக்பீஸைக் கொடுத்து எதிரே தெரியும் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்து முடித்தவன் சற்று நேரம் பார்த்துவிட்டு, "எனக்கு எழுதத் தெரிகிறது!" என்று கூவினான். தரையில் குனிந்து "கை" என்று எழுதினான். "புகைபோக்கி" என்று எழுதினான். "கூரை" என்று எழுதினான். எல்லாம் அவன் தாய்மொழியான இத்தாலிய மொழியில். அதற்கு முன் அவனுக்கு யாரும் சொற்களை எழுதக் கற்பித்திருக்கவில்லை. எதையும் பார்த்து அவன் எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தன் மனத்தில் எழுந்த சொல்லை, தன் விரல் அறிந்த எழுத்தால் எழுதினான். எங்கள் வகுப்பில் "மேரி" என்று எழுதிய பிள்ளைக்கும் அவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவருடைய முறைக்கு விலையுயர்ந்த பொருள்கள் தேவையில்லை. பெயின்ட் கடையில் வாங்கும் உப்புத்தாள், கத்தரிக்கோல், பசை ஆகியவை போதும். அதுவும் இல்லையென்றால் தட்டில் பரப்பிய ரவையே போதும். அவர் கையாண்ட மூன்று படிப் பாடமும் எளிது. முதலில், "இது 'எஃப்'" என்று காட்டுகிறோம். அடுத்து, "எது 'எஃப்'?" என்று கேட்கிறோம், பிள்ளை எடுத்துத் தருகிறாள். கடைசியில், "இது என்ன?" என்று கேட்கிறோம், பிள்ளை சொல்கிறாள். மூன்றாவது கேள்விக்கு விடை வராவிட்டால் கடிந்துகொள்ளாமல் முதற்படிக்கே திரும்ப வேண்டும்.

மூன்றாம் படி: பென்சில்

எழுதத் தொடங்கும்போது "ஏ, பி, சி" என்ற வரிசையில் போவது நல்லதன்று. அது படிப்பதற்கான வரிசை; கைக்கு ஏற்ற வரிசை வேறு. கை எப்படி அசைகிறதோ அதன்படி எழுத்துக்களைக் குடும்பங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் குடும்பம், கீழிருந்து ஊஞ்சல் போல மேலே ஏறி இறங்குவது: "ஐ", "யூ", "டபிள்யூ", "டேபிளின் டி". இரண்டாவது, மேலே சுழி போடுவது: "ஈ", "எல்", "ஹெச்", "கே", "பேக்கின் பி". மூன்றாவது, இடப்பக்கம் வளைந்து திரும்பி வருவது: "சி", "ஏ", "ஓ", "டாக்கின் டி", "ஜி", "க்யூ". நான்காவது, குன்று போல மேலே வளைந்து இறங்குவது: "என்", "எம்", "வி", "எக்ஸ்", "ஒய்". ஒரு குடும்பத்தில் ஓர் எழுத்து கைக்கு வந்துவிட்டால் மற்றவை தாமாகவே வந்துவிடுகின்றன. "எஃப்", "எஸ்", "ஆர்", "ஜே", "பென்னின் பி", "இசட்" ஆகியவற்றைக் கடைசியில் ஒவ்வொன்றாகக் கற்பிக்கிறோம்.

எழுத்துக்கு முன்பு வெறும் அசைவுகளையே பழக்குவது இன்னும் நல்லது. இங்கிலாந்தைச் சேர்ந்த மரியன் ரிச்சர்ட்சன் என்ற ஆசிரியை 1935-இல் வெளியிட்ட பயிற்சி நூல்களில், அலை, வளைவு, சுழி போன்ற கோலங்களை வரையப் பழக்கி, அவற்றிலிருந்தே எழுத்துக்களைப் பிறக்கச் செய்தார். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளுக்கு இது புதிதன்று. வாசலில் புள்ளியைச் சுற்றிச் சிக்குக் கோலம் போடப் பழகிய கைக்கு, நிறுத்தாமல் வளைந்து ஓடும் கோட்டின் இரகசியம் முன்பே தெரியும். எங்கள் வகுப்பிலும் கோலம் போடும் பிள்ளைகளுக்குச் சுழி எளிதில் வருகிறது.

நான்கு கோடு நோட்டை ஒரு வீடாகச் சொல்லிக் கொடுக்கிறோம். நடு இடம் கூடம். மேல் இடம் மாடி. கீழ் இடம் கிணறு. "ஏ", "சி", "ஈ", "ஓ" ஆகியவை கூடத்தை விட்டு நகராத பாட்டிமார். "எல்", "ஹெச்", "கே" மாடிக்கு ஓடும் பிள்ளைகள். "ஜி"யும் "ஒய்"யும் கிணற்றில் நீர் இறைக்கின்றன. "எஃப்" ஒன்றுதான் மாடிக்கும் ஏறிக் கிணற்றுக்கும் இறங்கும் வீட்டு வேலைக்காரி! அச்செழுத்தில் கூடத்தில் நின்ற "இசட்" கூட்டெழுத்தில் வந்ததும் கிணற்றில் இறங்குவதைப் பிள்ளைகள் வியப்போடு பார்க்கிறார்கள்.

அடுத்து வருவது இணைப்பு. பெரும்பாலான எழுத்துக்கள் கீழ்க் கோட்டிலிருந்து அடுத்த எழுத்துக்குக் கை நீட்டுகின்றன. "ஓ", "வி", "டபிள்யூ", "பேக்கின் பி" ஆகிய நான்கு மட்டும் கூடத்தின் மேற்கோட்டில் நின்றபடியே கை நீட்டுகின்றன. அதனால் இவற்றுக்குப் பின்னால் வரும் "ஆர்", "எஸ்", "ஈ" ஆகியவற்றின் முகமே சற்று மாறிவிடுகிறது. ரோஜாப்பூவைக் குறிக்கும் "ரோஸ்" என்ற சொல்லில் "ஓ"வை அடுத்து வரும் "எஸ்"ஸைப் பிள்ளைகள் அடையாளம் காண முடியாமல் திகைப்பது இதனால்தான். இந்த நான்கு எழுத்துக்களின் இணைப்பை மட்டும் ஒரு வாரம் தனியாகப் பழக்கினால், படிப்பதில் வரும் தடைகளும் பெரிதும் நீங்கிவிடுகின்றன.

ஒவ்வொரு நாளும் முடிவில் ஒரு சட்டம் வைத்திருக்கிறோம். எழுதியதை எழுதியவளே படிக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவளின் நோட்டையும் படிக்க வேண்டும். பார்த்து எழுதிய வரிக்குக் கீழே, பாராமல் தன் சொந்த வரி ஒன்றும் எழுத வேண்டும். "இன்று சாம்பார் சாதம்" என்ற பொருளில் ஒருத்தி எழுதினாள். கோணலாகத்தான் இருந்தது, ஆனால் அது அவளுடைய வரி.

வலிக்கும் கையும் இடக்கையும்

குழந்தையின் கை பெரியவர் கையின் சிறிய பிரதி அன்று. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு என்று உயிரியலில் படிக்கிறோம். பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக எலும்பாகி, எட்டும் நிறைவடைய ஏறத்தாழப் பத்து வயது ஆகிறது. ஆறு வயதுக் கையிடம் பதினைந்து வயதுக் கையின் வேலையை எதிர்பார்ப்பது நியாயமா? ஒரே பக்கத்தைப் பத்து முறை எழுதி வரச் சொல்வதால் எழுத்து திருந்துவதில்லை. முதல் வரி நன்றாக இருக்கும். கடைசி வரியில் களைப்புத்தான் இருக்கும். நாள்தோறும் பத்து நிமிடம் கவனத்தோடு எழுதுவதே மேல்.

பிள்ளை எழுதும்போது அவள் நகத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் பென்சிலை இறுக்கிப் பிடிக்கிறாள் என்று பொருள். பென்சிலை மேலிருந்து மெதுவாக இழுத்தால் கையை விட்டு வர வேண்டும். அதுவே சரியான பிடி. கால் தரையில் படாமல் தொங்கினால் உடல் ஆடும், எழுத்தும் ஆடும். காலுக்குக் கீழே ஒரு பலகையை வையுங்கள்.

இடக்கையால் எழுதும் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். இடக்கைப் பழக்கம் குற்றமும் அன்று, குறையும் அன்று. பிறவியோடு வரும் இயல்பு. கையை மாற்றச் சொல்லி அடிப்பதும் அதட்டுவதும் பிள்ளைக்கு எழுத்தையே வெறுப்பாக்கிவிடும். அவளுக்கு வேண்டியவை சிறு உதவிகளே. வலக்கைப் பிள்ளை நோட்டை இடப்பக்கம் சாய்த்து வைப்பது போல, இவள் வலப்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும். பென்சிலை முனையிலிருந்து சற்று உயரத்தில் பிடித்தால் தான் எழுதுவது தனக்குத் தெரியும். கையும் எழுத்தின்மேல் உரசாது. பெஞ்சின் இடது ஓரத்தில் உட்கார வைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு மோதாது. எழுத்து வலப்பக்கம் சாயாமல் நேராக நின்றாலும் பாதகமில்லை. படிக்க முடிகிறதா என்பதே கேள்வி.

இக்காலத்துக்கு இது தேவையா?

"எல்லாம் கணினியிலும் கைப்பேசியிலும் வந்துவிட்டதே, இன்னும் கூட்டெழுத்து எதற்கு?" என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வியே. பின்லாந்து நாடு 2016 முதல் கூட்டெழுத்தைக் கட்டாயப் பாடமாக வைக்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலமோ, ஒன்று முதல் ஆறு வரையிலான வகுப்புகளில் கூட்டெழுத்தைக் கற்பிக்க வேண்டும் என்று 2023-இல் சட்டம் இயற்றியது. பிரான்சு நாட்டுப் பிள்ளைகள் ஆறு வயதிலேயே கூட்டெழுத்தைக் கற்கிறார்கள். உலகமே இதில் ஒரு மனப்பட்டதாக இல்லை.

எங்கள் எண்ணம் இது. கூட்டெழுத்தில் எழுத வராத பிள்ளை தெளிவான அச்செழுத்தில் எழுதினால் அதில் இழிவு ஒன்றுமில்லை. அவளைப் பின்வரிசைக்குத் தள்ளக் கூடாது. ஆனால் கூட்டெழுத்தைப் படிக்கத் தெரியாமல் வளர்ந்தால் அது உண்மையான இழப்பாகும். பங்குக் கோயிலின் பழைய திருமுழுக்குப் பதிவேடுகளும், தாத்தாவின் நிலப் பத்திரத்தின் ஓரக் குறிப்புகளும், வெளியூரில் வேலை பார்த்த அத்தை எழுதிய கடிதங்களும் அச்சில் வந்தவை அல்ல. ஒரு தலைமுறைக்கு அந்தக் கண் இல்லாமற் போனால், தன் வீட்டுப் பெட்டியில் இருக்கும் எழுத்தே அதற்கு அந்நியமாகிவிடும். எனவே எழுதுவதில் பிள்ளைக்குப் பிள்ளை வேறுபாடு இருக்கலாம். அடையாளம் காண்பதில் ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

மாலையில் பிள்ளையின் நோட்டைப் பார்க்கும்போது, "எத்தனை குட் வாங்கினாய்?" என்பதோடு, "என்ன எழுதியிருக்கிறாய், படித்துக் காட்டு" என்றும் கேளுங்கள். ஆங்கிலம் அறியாத தாயாரும் இதைக் கேட்கலாம். பிள்ளையின் வாயும் விரலும் சேர்ந்து நகர்கின்றனவா என்று பார்த்தாலே போதும். கடைக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலை அவளை எழுதச் சொல்லுங்கள். ஊரில் இருக்கும் பாட்டிக்கு இரண்டு வரி கடிதம் எழுதச் சொல்லுங்கள். அது தமிழில் இருந்தாலும் சரியே. எழுதியதை ஒருவர் படிக்கப் போகிறார் என்று தெரிந்தால், யாரும் சொல்லாமலே பிள்ளை தெளிவாக எழுதுவாள். ரப்பரை ஒளித்து வைக்காதீர்கள்; அடித்துத் திருத்துவதற்கும் இடம் கொடுங்கள்.

தோழியரே, நம் வீடுகளிலும் தம்பி தங்கையர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கற்பிக்க ஆசிரியர் பட்டம் வேண்டியதில்லை. ஒரு தட்டு ரவையும், கால் மணி நேரமும், கோபப்படாத மனமும் போதும். ஐந்தாறு மாதப் பயிற்சிக்குப் பின் எங்கள் இரண்டாம் வகுப்பில் எல்லாருடைய கையெழுத்தும் அழகாகிவிடவில்லை. ஆனால் கரும்பலகையில் ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்தும் அதைப் படிக்கும் குரல் கேட்கிறது. அவரவர் பெயரை அவரவர் எழுதுகிறார்கள். அழகு ஆண்டுக்காண்டு கூடி வரும். அதற்கு அவசரமில்லை.

— பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு